நைட் ஷிப்ட்டும் நெஞ்சும்: உடம்புக்குப் பழகுவது எது, பழகாதது எது?

திருநெல்வேலி பேட்டையில் என் மருந்துக்கடையைக் காலை ஆறரைக்கே திறந்துவிடுவேன். அந்த நேரத்துக்கு மில்லில் ராத்திரி வேலை முடிந்து வருகிறவர்கள்தான் முதல் ஆட்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். பக்கத்துக் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். "பிரஷர் பாருங்க அண்ணாச்சி."

சில மாதங்களுக்கு முன் பக்கத்துத் தெருவில் ஒருவர் நெஞ்சுவலியில் இறந்துபோனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பாதி ஆயுசு ராத்திரி வேலையிலேயே போனவர். மறுநாள் டீக்கடையில் அதே பேச்சுதான்.

"நைட்டு நைட்டுன்னு பார்த்தான். அதுதான் ஆளைக் கொன்னுட்டு" என்றார் ஒருவர்.

"அப்படிப் பார்த்தா நான் எப்பவோ போயிருக்கணும் வே. 22 வருசமா பார்க்கேன். பகல்ல நல்லாத் தூங்குதேன். ஒடம்பு பழகிட்டு. ராத்திரியா பகலான்னு நெஞ்சுக்கு என்ன தெரியும்?" என்றார் இன்னொருவர்.

இரண்டு பேரும் முழுக்கச் சரி இல்லை, முழுக்கத் தப்பும் இல்லை. ராத்திரி வேலை பார்த்தாலே மாரடைப்பு வந்துவிடும் என்பது உண்மையல்ல. ஆனால் "நெஞ்சுக்கு என்ன தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. நெஞ்சுக்கு நேரம் தெரியும். எப்படித் தெரிகிறது, அது ஏன் முக்கியம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. ஆனால் இதைப் பற்றி என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் கவுண்டரில் நின்றபடியே முழுசாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

மில் ஆட்கள் மட்டும் இல்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி நர்சுகள், தாழையூத்து சிமெண்ட் ஆலையிலும் கங்கைகொண்டான் சிப்காட்டிலும் ஷிப்ட் பார்ப்பவர்கள், கூடங்குளத்தில் இருப்பவர்கள், ஜங்ஷன் ரயில்வே ஊழியர்கள், தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர்கள், சென்னை பஸ் ஓட்டுகிறவர்கள், ராத்திரி ரோந்து போகும் போலீஸ்காரர்கள் என்று நம் பக்கத்தில் ராத்திரி விழித்திருக்கும் கூட்டம் பெரிது.

புளியமரத்துக்குள் ஒரு கடிகாரம்

சேரன்மகாதேவி ரோட்டில் மிச்சமிருக்கிற புளியமரங்களைச் சாயங்காலம் கொஞ்சம் நின்று பாருங்கள். பொழுது சாயும்போது இலைகள் ஒவ்வொன்றாகக் கூம்பிக்கொள்ளும். விடியும்போது விரியும். வெளிச்சம் போனதால் கூம்புகிறது, வெளிச்சம் வந்ததால் விரிகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

1729-ல் ழான்-ஜாக் டி மைரான் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞருக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது. இப்படி இலை மூடித் திறக்கும் செடி ஒன்றை, தொட்டாச்சிணுங்கி வகை, வெயிலே படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது காலையில் இலையை விரித்தது, சாயங்காலம் மூடியது. வெளியே பொழுது விடிந்ததா என்று பார்க்க வழியே இல்லாத செடிக்கு நேரம் தெரிந்திருந்தது. அப்படியென்றால் கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது.

நமக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. மூளையின் அடிப்பக்கம், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து. இதைத்தான் உடல் கடிகாரம் என்கிறோம். இதன் சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தினமும் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. சரிசெய்வது வெளிச்சம். காலை வெயில் கண்ணில் பட்டதும் "விடிஞ்சாச்சு" என்ற சேதி நேரே அங்கே போகிறது.

இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ராத்திரியில் அணுவுக்குள் ஒரு புரதம் சேர்ந்துகொண்டே போகிறது, பகலில் கரைகிறது, மறுபடி சேர்கிறது. மணற்கடிகாரத்தைத் தினமும் கவிழ்த்து வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

கோயில் மணியும் மடைப்பள்ளியும்

மூளையில் ஒரே ஒரு கடிகாரம் என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அப்படி இல்லை. கல்லீரல், கணையம், சிறுநீரகம், ரத்தக்குழாயின் சுவர், இதயத்தின் தசை என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது.

நெல்லையப்பர் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். விடியலில் திருவனந்தல், ராத்திரி பள்ளியறை. இடையில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு முறை உண்டு. மடைப்பள்ளியில் அடுப்பு பற்றவைப்பவர், பூக்கட்டுகிறவர், மேளம் வாசிப்பவர், விளக்கேற்றுபவர் எல்லோரும் தனித்தனி இடத்தில் தனித்தனி வேலை பார்க்கிறார்கள். ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்பதில்லை. ஆனால் மணி அடிக்கும்போது நைவேத்தியம் தயாராக இருக்கிறது, மேளம் தயாராக இருக்கிறது. எல்லோருடைய நேரமும் ஒன்றாக ஓடுவதால்தான் அது நடக்கிறது.

உடம்பும் இப்படித்தான். மூளைக் கடிகாரம் அந்தக் கோயில் மணி. சாயங்காலம் இருட்டியதும் அது மெலடோனின் என்ற சுரப்பை அவிழ்த்துவிடும். ராத்திரி வந்துவிட்டது என்று உடம்பு முழுக்கச் சொல்லும் தண்டோரா அது. விடிவதற்கு முன்னால் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு ஏறத் தொடங்கும். எழுந்து நடமாடுவதற்கு உடம்பைத் தயார் செய்கிற சுரப்பு இது.

இதில் ஒரு சிக்கல். மூளைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். கல்லீரலுக்கு வெளிச்சம் தெரியாது. அது பெரும்பாலும் சாப்பாட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். சரி, இப்போது நைட் ஷிப்ட்டுக்குப் போகிறவரைப் பாருங்கள். நடு ராத்திரியில் தலைக்கு மேல் டியூப் லைட் எரிகிறது. ஒரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் வயிற்றுக்குள் போகிறது. காலை ஆறரைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நல்ல வெயில் கண்ணில் அடிக்கிறது. மூளைக் கடிகாரம் அந்த வெயிலைப் பார்த்துப் பழைய நேரத்திலேயே நிற்கிறது. கல்லீரலோ சாப்பாட்டைப் பார்த்து வேறு பக்கம் நகர்கிறது. சன்னதி நடை சாத்தியிருக்க, மடைப்பள்ளியில் அடுப்பு எரிகிறது.

இப்படி உடம்பின் கடிகாரங்கள் ஒன்றோடொன்றும் வெளி உலகத்தோடும் ஒத்துப்போகாமல் ஓடுவதை நேரப் பிறழ்வு என்று சொல்லலாம்.

இதுவரை பார்த்தது: நேரம் என்பது சுவர்க் கடிகாரத்தில் மட்டும் இல்லை, உடம்புக்குள்ளும் ஓடுகிறது. தலைமைக் கடிகாரம் மூளையில், கிளைக் கடிகாரங்கள் இதயம் உட்பட எல்லா உறுப்பிலும். ராத்திரி வேலை இவற்றின் ஒற்றுமையைக் கலைக்கிறது.

நெஞ்சுக்கு ராத்திரி ஏன் வேண்டும்?

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பிசானம் அறுத்து முடிந்ததும் கால்வாயை அடைத்துவிடுவார்கள். தண்ணீர் நின்ற பிறகுதான் அமலைச் செடியை வாரிப்போட முடியும், கரை சரிந்த இடத்தில் மண் போட முடியும், மடைக்கல்லைச் சரிசெய்ய முடியும். வருஷம் பூராவும் தண்ணீர் முழுவேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட கரையும் அரிக்கும்.

நம் ரத்தக்குழாய்களுக்கு அந்த அடைப்புக் காலம் தினமும் ராத்திரி வருகிறது. இதயம் அழுத்தித் தள்ளும்போது ரத்தம் குழாயின் சுவரை அழுத்துகிற விசையைத்தான் ரத்த அழுத்தம் என்கிறோம். நாம் பிரஷர் என்று சொல்வது அது. பகலில் வேலை பார்க்கிற ஒருவருக்கு ராத்திரித் தூக்கத்தில் இது 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். பகலில் 130 இருந்தவருக்கு ராத்திரி 110 பக்கம் வரும். நாடித் துடிப்பும் குறையும். இந்த ராத்திரி இறக்கம்தான் குழாயின் உள்சுவர் ஆசுவாசப்படும் நேரம். யாருக்கு ராத்திரியில் பிரஷர் இறங்குவதில்லையோ அவர்களுக்குப் பகல் அளவு நன்றாகவே இருந்தாலும் இதய நோய், பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்பது டாக்டர்கள் நெடுநாளாக அறிந்தது. கடையில் பகலில் ஒருதரம் பார்க்கும் அளவை மட்டும் வைத்து "எனக்கு பிரஷர் இல்லை" என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடியலில் இது திரும்பும். கார்ட்டிசால் ஏறும், நாடி கூடும், பிரஷர் மேலே போகும். ரத்தம் உறைகிற தன்மையும் அந்த நேரத்தில் சற்றுக் கூடுதலாக இருக்கும். மாரடைப்பு காலை ஆறு மணியிலிருந்து நண்பகலுக்குள் அதிகம் வருவதற்கு இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம் என்று கருதுகிறார்கள். நெஞ்சுக்கு நேரம் தெரியும் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

ராத்திரி ஒரு மணிக்கு உடம்புக்குள்

என் அத்தானும் மில்லில்தான் இருக்கிறார். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். ராத்திரி வாரத்தில் அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்று மணிவாரியாகச் சொல்கிறேன்.

பத்து மணிக்கு உள்ளே போகிறார். வழக்கமாக அந்த நேரத்தில் மெலடோனின் ஏறியிருக்க வேண்டும். மெஷின் வரிசைக்கு மேலே எரியும் விளக்கு வெளிச்சம் அதை அமுக்குகிறது. இதயம் வேகம் குறைக்கத் தயாராகிறது. ஆனால் அத்தான் நடந்துகொண்டே இருக்கிறார். அறுந்த நூலைப் பிணைக்க வேண்டும், அடுத்த மெஷினுக்குப் போக வேண்டும். அவசர நேரத்தில் உடம்பை முடுக்கிவிடும் நரம்புகள் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் விழித்தே இருக்கின்றன. ராத்திரி இறக்கம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாடு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அணுக்களுக்குள் அனுப்பும் சாவிதான் இன்சுலின். அதைச் சுரப்பது கணையம். கணையத்துக்கும் கடிகாரம் உண்டு என்று பார்த்தோம். அதன் கணக்கில் நடு ராத்திரி என்பது கடை அடைத்த நேரம். அதே மூன்று பரோட்டாவைப் பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ஏறுகிற சர்க்கரையைவிட ராத்திரி ஒரு மணிக்குச் சாப்பிட்டால் அதிகம் ஏறும், இறங்கவும் நேரமாகும். சாப்பாட்டுக் கொழுப்பும் ரத்தத்தில் கூடுதல் நேரம் மிதக்கும். பரோட்டா ஒன்றுதான். அது போய்ச் சேரும் நேரம்தான் வேறு.

2009-ல் அமெரிக்காவில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான 10 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்க வைத்து, ஒரு நாளை 28 மணி நேரமாக நீட்டி, தூக்கமும் சாப்பாடும் மெல்ல மெல்லத் தலைகீழாகும்படி செய்தார்கள். பத்தே நாளில் பலன் தெரிந்தது. தலைகீழ் நேரத்தில் சர்க்கரை கூடியது. இன்சுலின் அதிகம் தேவைப்பட்டது. சராசரி ரத்த அழுத்தம் 3 சதவீதம் ஏறியது. வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் சுரப்பு குறைந்தது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை அளந்த 8 பேரில் 3 பேருக்கு அது சர்க்கரை நோயின் வாசல்படி அளவுக்கு வந்துவிட்டது. நோயே இல்லாதவர்களுக்கு, பத்து நாளில்.

நைட்டு பார்க்கிறவர்கள் "எப்பவும் பசிக்கிற மாதிரியே இருக்கு" என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அது நாக்கு ருசி மட்டும் இல்லை.

காலை ஆறரைக்கு அத்தான் வீட்டுக்கு வருகிறார். குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுப் படுக்க எட்டு ஆகிவிடும். அக்கா பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். எட்டரைக்குத் தண்ணீர் லாரி. ஒன்பதுக்கு மீன்காரர் ஹாரன். பத்து மணிக்கு மேல் கல்யாண மண்டபத்தில் மைக் செட். சித்திரை வைகாசியில் மேலே தகரம் போட்ட அறையில் பதினொரு மணிக்கு மேல் யார் தூங்க முடியும்? வெளிச்சத்தம் போதாதென்று உள்ளேயிருந்தும் எதிர்ப்பு வருகிறது. உடல் கடிகாரம் அந்த நேரத்தில் எழுந்திரு எழுந்திரு என்றுதான் சொல்கிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் ஐந்து ஆறு மணி நேரம்தான் தூக்கம் தேறும், அதுவும் துண்டு துண்டாக. பகல் தூக்கத்திலும் பிரஷர் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ராத்திரித் தூக்கத்தில் இறங்குகிற அளவுக்குப் பெரும்பாலும் இறங்காது.

ஆக, "பகலில் தூங்கி ஈடுகட்டிவிடலாம்" என்பது பாதிதான் சரி. தூக்கத்தின் அளவை ஓரளவு ஈடுகட்டலாம். நேரத்தை ஈடுகட்ட முடியாது.

சுருக்கமாக: விளக்கு வெளிச்சம் ராத்திரியை மறைக்கிறது, ராத்திரிச் சாப்பாடு சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டுகிறது, பகல் தூக்கம் குறைகிறது. மூன்றும் சேர்ந்து ரத்தக்குழாய்க்குக் கிடைக்க வேண்டிய ஓய்வைப் பறிக்கின்றன.

சுவரில் ஏறும் ஓதம்

ஒரு வாரம் நைட்டு பார்த்ததால் யாருக்கும் மாரடைப்பு வருவதில்லை. பின் எப்படி வருகிறது? குழாயில் பாசி படிந்து அடைத்துக்கொள்வதுபோல ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்த உவமை நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோகிறது.

அதைவிடப் பொருத்தமானது மழைக்காலத்தில் சுவரில் ஏறும் ஓதம். வெளியே வெள்ளை அடித்திருக்கும், பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே ஈரம் ஊறிச் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வரும். ஒருநாள் பொக்கென்று உடைந்து உதிரும். ரத்தக்குழாயிலும் கொழுப்பு சேர்வது சுவருக்கு உள்ளேதான். பிரஷரும் சர்க்கரையும் உள்சுவரைப் புண்ணாக்க, அந்த வழியாகக் கொழுப்பு நுழைந்து தங்கி, அதைச் சுற்றி அழற்சி ஏற்பட்டு உப்பும். இந்த உப்பலுக்குக் கொழுப்புத் திட்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பத்து, இருபது வருஷம் ஒரு தொந்தரவும் தராமல் இருக்கும். ஒருநாள் அதன் மேல்தோல் கிழியும். காயம் என்று நினைத்து ரத்தம் அங்கே உறையும். அந்த உறைகட்டி குழாயை மூடிவிட்டால், அதற்கு அப்பால் இருக்கும் இதயத் தசைக்கு ரத்தம் போகாது. மாரடைப்பு என்பது அதுதான்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்" என்று சொல்கிறோமே, அவர் நேற்று வரை நல்லபடியாக நடமாடினார் என்பது உண்மை. சுவருக்குள் வேலை பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

ராத்திரி வேலை இந்தத் திட்டைத் தனியாக உண்டாக்குவதில்லை. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, தூக்கக் குறைவு, விழித்திருக்க ஊதும் பீடி சிகரெட் என்று ஏற்கெனவே உள்ள வழிகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வேகம் கூட்டுகிறது.

எவ்வளவு கூடுகிறது?

எண்களைச் சொல்லும்போதுதான் அதிகம் குழப்பம் வருகிறது. 2012-ல் 34 ஆய்வுகளை, மொத்தம் 20 லட்சம் பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 23 சதவீதம் அதிகம் என்று அதில் தெரிந்தது.

இதைக் கேட்டதும், நைட்டு பார்க்கிற நூறு பேரில் 23 பேருக்கு மாரடைப்பு வந்துவிடும் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பேச்சுக்கு, பகல் வேலை பார்க்கும் நூறு பேரில் 10 பேருக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் மாரடைப்பு வருமென்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் 23 சதவீதம் கூடினால் 12 பேருக்குச் சற்று மேல். அதாவது கூடுதலாக இரண்டு பேர். மீதி 88 பேருக்கு வராது. டீக்கடையில் "22 வருசமா பார்க்கேன்" என்றவர் அந்த 88-ல் ஒருவராக இருக்கலாம். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அவரை வைத்து நூறு பேருக்கும் கணக்குச் சொல்ல முடியாது.

இரண்டு பேர்தானே என்று தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. நம் பக்கத்தில் ராத்திரி வேலை பார்ப்பவர்கள் நூறு பேர் இல்லை, ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

2016-ல் வெளியான இன்னொரு ஆய்வு அமெரிக்க நர்சுகளைப் பற்றியது. சுமார் 1,89,000 பெண்களை 24 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மாறிமாறி வரும் நைட் ஷிப்ட்டைப் பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் வாய்ப்பு 15 முதல் 18 சதவீதம் வரை கூடியிருந்தது. வருஷம் ஏற ஏறச் சுமை ஏறுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நைட் ஷிப்ட்டை விட்டபின் காலம் போகப்போக அந்தக் கூடுதல் வாய்ப்பு குறைகிறது. நைட்டிலிருந்து ஜெனரல் ஷிப்ட்டுக்கு மாறும் வாய்ப்பு வந்தால், அலவன்ஸ் போகிறதே என்று தயங்குகிறவர்களிடம் நான் இதைத் தவறாமல் சொல்வேன்.

"பழகிட்டு" என்றால்?

பழகுவது கண் விழிக்கிற பழக்கம். தூக்கத்தை அடக்க மனசு கற்றுக்கொள்கிறது, வேலை கை தவறாமல் வருகிறது. உடல் கடிகாரம் முழுசாகத் திரும்பி ராத்திரியைப் பகலாக ஏற்றுக்கொள்வது மிகச் சிலருக்கே நடக்கிறது. காரணம் எளிது. தினமும் காலையில் வெயிலைப் பார்க்கிறோம், வார லீவில் கல்யாணம் காட்சி என்று பகலில் விழித்திருக்கிறோம். கடிகாரம் கொஞ்சம் நகரத் தொடங்கும்போதே பழைய இடத்துக்குப் பிடித்து இழுத்துவிடுகிறோம். வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு அந்தக் கொஞ்சமும் நடக்காது.

ஷிப்ட் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் காலை, அடுத்து மதியம், அடுத்து ராத்திரி என்று முன்னோக்கி மாறுவது உடம்புக்குச் சுலபம். நம் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிட நீளம் என்பதால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கஷ்டம். ராத்திரி, மதியம், காலை என்று பின்னோக்கி மாற்றும் இடங்களில் சங்கத்து ஆட்கள் இதைப் பேசினால் நல்லது.

வேலையை விட முடியாதவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் சாப்பாடு. 2025-ல் வந்த ஒரு ஆய்வில் ஆரோக்கியமான 20 இளைஞர்களைச் செயற்கையாக நைட் ஷிப்ட் பார்க்க வைத்தார்கள். ஒரு பகுதியினர் ராத்திரியும் சாப்பிட்டார்கள், இன்னொரு பகுதியினர் பகலில் மட்டும். ராத்திரி சாப்பிட்டவர்களுக்கு ரத்தம் உறையும் தன்மை போன்ற இதய ஆபத்தின் அளவுகள் மோசமாகின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இருவருக்கும் தூக்கம் ஒரே மாதிரிதான் இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் செலவில்லாமல் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம். வேலைக்குக் கிளம்பும் முன் எட்டு எட்டரைக்கு வயிறார ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுவது, நடு ராத்திரியில் பரோட்டாவை விட்டு மோர், சுண்டல், கொய்யா என்று லேசாக ஏதாவது கொண்டுபோவது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.

டீயை ராத்திரியின் முன்பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காலை நாலு மணிக்குக் குடிக்கும் டீ எட்டு மணித் தூக்கத்தைக் கெடுக்கும்.

பிரஷர் மாத்திரை விஷயம் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். "காலைல ஒண்ணு" என்று சீட்டில் எழுதியிருந்தால், பகல் முழுக்கத் தூங்குகிறவருக்குக் காலை எது? என் கடைக்கு வருகிறவர்களில் பலர் ராத்திரி வாரத்தில் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். நைட் ஷிப்ட் பார்க்கிறேன் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, எந்த நேரத்தில் போட வேண்டும் என்று கேளுங்கள். கூட்டம் அதிகம் என்பதால் அவர்களாகக் கேட்காமல் விட்டுவிட வாய்ப்புண்டு. நாற்பது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒருதரமாவது பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஈ.எஸ்.ஐ.-யிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காசில்லாமல் பார்க்கலாம். ஏற்கெனவே பிரஷரோ சர்க்கரையோ இருந்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள்.

அப்புறம் நெஞ்சுவலி. பக்கத்துத் தெருக்காரர் விடியக்காலம் நாலு மணியிலிருந்து நெஞ்சு கனமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை, வாயு என்று நினைத்து ஷிப்ட் முடியும் வரை இருந்துவிட்டு, வரும் வழியில் ஒரு சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். அந்த இரண்டரை மணி நேரம் போனது போனதுதான். நெஞ்சின் நடுவில் அழுத்தமோ கனமோ வந்து, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், வேர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் சோடா வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். தனியாக பைக்கை எடுக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் சோர்வு, குமட்டல், மூச்சுத் திணறலாக மட்டும் வரலாம். 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து நிலையம் எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக வீடு. ராத்திரி வேலை பார்ப்பவரின் நெஞ்சைக் காப்பதில் பாதிப் பங்கு வீட்டில் இருப்பவர்கள் கையில்தான். அறை இருட்டாக இருக்க வேண்டும், கூடியமட்டும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அவர் படுத்தபின் போன் அவர் அறையில் இருக்கக் கூடாது. சாயங்காலம் வேலைக்குப் போகுமுன் முக்கால் மணி நேரம் கண்ணயர்ந்தால் ராத்திரியின் பாரம் குறையும்.

அக்கா வீட்டில் போன வருஷத்திலிருந்து இதையெல்லாம் செய்து பார்க்கிறார்கள். பழைய குடைத்துணியைப் பிரித்து இரண்டு மடிப்பாகத் தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறாள். தகரத்துக்கு மேல் தென்னங்கிடுகு வேய்ந்து, மே மாதம் காலையில் ஒரு குடம் தண்ணீர் தெளிப்பாள். அத்தானுடைய ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்குள் முடிந்துவிடும். காலை பிரஷர் முன்பெல்லாம் 150-க்குக் கீழே வராது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும் சேர்ந்துதான், இப்போது 130 பக்கம் நிற்கிறது.

சின்னவன் ஒரு காரியம் செய்திருக்கிறான். ஸ்கூல் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வாசல் கதவில் தொங்கவிட்டிருக்கிறான். ராத்திரி வாரம் வந்தால் மாட்டுவான், முடிந்தால் கழற்றி வைப்பான்.

"அப்பா தூங்குறாங்க. பெல் அடிக்காதீங்க. மூணு மணிக்கு மேல வாங்க."

மீன்காரர் இப்போது அந்த வீட்டைத் தாண்டிப் போய்த்தான் ஹாரன் அடிக்கிறார்.